கண்டோர் நிலை: கிறிஸ் மெங்கெஸின் தொடக்ககாலப் படக்கருவிப் பணி

தமிழில் ‘ஒளிப்பதிவாளர்’ என்னும் சொல் நன்கு அமைந்த கலைச்சொல்லே. ஆயினும் அச்சொல் ஒரு பணியை வெளிப்படுத்தும்போதே மற்றொரு பணியை மறைத்துவிடுகிறது. ஒரு காட்சிக்கு எத்தகைய ஒளி வேண்டும், எந்த லென்ஸ் வேண்டும், எந்த வகைப் படச்சுருள் வேண்டும் என முடிவு செய்பவர் ஒருவர். படம் ஓடும்போது கருவியின் பின்னே நின்று, வியூஃபைண்டரில் கண்ணைப் பதித்து, நடிப்பவரின் அசைவுக்கேற்பக் கருவியைத் திருப்பியும் தாழ்த்தியும் உயர்த்தியும் சட்டகத்தைக் காப்பவர் மற்றொருவர். இருவரும் ஒருவராக அமைவதும் உண்டு. ஆனால் பெரிய படப்பிடிப்புகளில் இவை இரண்டு தனித்தனி வேலைகள். தமிழ்ப் படங்களின் பெயர்ப்பட்டியலில் இரண்டாமவர் ‘ஆபரேட்டிவ் கேமராமேன்’ என்று சில நொடிகள் தோன்றி மறைவார். தமிழ்த் திறனாய்வில் அவருக்கு அந்தச் சில நொடிகளும் கிடைப்பதில்லை. படம் நன்றாயிருந்தால் இயக்குநரின் பார்வை என்கிறோம். சற்று நுட்பமாகப் பேச விழைந்தால் ஒளியமைப்பைப் பாராட்டுகிறோம். கருவியைக் கையாண்ட கண்ணைப் பற்றிப் பேச நம்மிடம் சொற்களே குறைவு.

இக்குறையை நினைவிற்கொண்டு, அப்பணியிலிருந்து தம் தொழில்வாழ்வைத் தொடங்கிய ஒருவரின் முதற்காலத்தை இக்கட்டுரை நோக்குகிறது. அவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ் மெங்கெஸ். 1940-இல் ஹெரஃபர்ட்ஷயரின் கிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தவர்; இசையமைப்பாளரும் இசைக்குழு நடத்துநருமான ஹெர்பர்ட் மெங்கெஸின் மகன். ‘தி கில்லிங் ஃபீல்ட்ஸ்’ (1984), ‘தி மிஷன்’ (1986) ஆகிய படங்களின் ஒளிப்பதிவுக்காக இருமுறை ஆஸ்கர் விருது பெற்றவர் என்பதே அவரைப் பற்றி நம்மிடையே பரவலாக அறியப்பட்ட செய்தி. அவ்விரு படங்களும் இக்கட்டுரையின் பொருள் அல்ல. அவற்றுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், தொலைக்காட்சிச் செய்திப்படங்களிலும் பிறருடைய திரைப்படங்களிலும் கருவியாளராக அவர் கழித்த காலமே இங்கு ஆய்வுக்கு உரியது. ‘கெஸ்’ (1969) என்னும் படத்தின் பெருமை அக்காலத்தில் விளைந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கருவியாளரின் இடம்

1960-களின் படப்பிடிப்புத் தளத்தை மனத்திற்கொள்ளாமல் இப்பணியின் தன்மையை விளங்கிக்கொள்ள இயலாது. இன்று படப்பிடிப்பின்போது இயக்குநர் ஒரு திரையின் முன் அமர்ந்து, கருவி காண்பதை அவ்வப்போதே தாமும் காண்கிறார். அக்காலத்தில் அவ்வசதி இல்லை. இயக்குநர் கருவியின் அருகில் நின்று நடிகரைப் பார்ப்பார். சட்டகத்துக்குள் நிகழ்வதைக் கருவியாளர் மட்டுமே பார்ப்பார். ஒரு ஷாட் முடிந்ததும் இயக்குநர் கருவியாளரை நோக்கித் திரும்பி, கிடைத்ததா என்று கேட்பார். அவ்விடையை நம்பித்தான் அடுத்த வேலை தொடங்கும். படச்சுருள் கழுவப்பட்டு ரஷ் வரும்வரை அவ்விடைக்கு வேறு சான்று கிடையாது. ஆகவே ஒரு திரைப்படத்தின் முதல் பார்வையாளர் கருவியாளரே எனலாம். அவருக்குப் பின்னரே இயக்குநர், படத்தொகுப்பாளர், திரையரங்கில் அமர்ந்திருக்கும் நாம்.

பிரித்தானியத் தொழில்முறையில் இந்த இடம் மேலும் வலுப்பெற்றிருந்தது. அங்கு ஒளியமைப்பவர் ஒளியில் கருத்தூன்ற, சட்டக அமைப்பையும் கருவியின் நகர்வையும் இயக்குநர் பெரும்பாலும் கருவியாளரோடு நேரே பேசி முடிவு செய்வது வழக்கம். எனவே அங்குக் கருவியாளர் என்பவர் ஏவல் வழி நின்று கைப்பிடியைத் திருப்பும் பணியாளர் அல்லர். நடிகர் எழுந்திருக்கப் போகிறார் என்பதை அவர் எழுவதற்கு ஒரு நொடி முன்னரே உணர்பவர். அவ்வுணர்வு சற்றுப் பிந்தினால் தலை சட்டகத்துக்கு வெளியே போய்விடும். முந்தினால் நடிப்பு ஒத்திகை பார்த்ததுபோலத் தோன்றும். இந்த ஒரு நொடிக்கான பயிற்சியை மெங்கெஸ் பெற்ற இடம் திரைப்படத் தளம் அன்று, தொலைக்காட்சி.

அறிவிப்பாளர் இல்லாத திரை

அமெரிக்க ஆவணப்பட இயக்குநரான ஆலன் ஃபோர்ப்ஸிடம் இளவயதிலேயே தொழில் பழகிய மெங்கெஸ், பின்னர் கிரனாடா தொலைக்காட்சியின் ‘வேர்ல்ட் இன் ஆக்‌ஷன்’ என்னும் செய்தி ஆய்வு நிகழ்ச்சியில் பணியாற்றினார். 1963-இல் தொடங்கி 1998 வரை நடைபெற்ற அந்நிகழ்ச்சிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. திரையில் தோன்றி, பார்ப்பவரை விளித்துப் பேசும் அறிவிப்பாளர் அதில் இல்லை. குரல் இருந்தது; முகம் இல்லை. இது சிறிய செய்தி போலத் தோன்றலாம். ஆனால் கருவியாளரைப் பொறுத்தவரை இதன் விளைவு பெரிது. திரையில் ஓர் அறிவிப்பாளர் நிற்கும்போது கருவி அவரிடம் ஓய்வெடுக்க முடியும். நிகழ்ச்சியின் பொருளை அவர் சொல்லிவிடுவார். அவர் இல்லாதபோது எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்னும் பொறுப்பு முழுவதும் கருவியின் மேல் வந்து விழுகிறது.

அப்பத்தாண்டில் பரவிய 16 மி.மீ. இலகு கருவிகள் இப்பொறுப்பை மேலும் கூட்டின. தோளில் தாங்கக்கூடிய கருவி, அதனோடு இயைந்து ஓடும் ஒலிப்பதிவுக் கருவி, 400 அடிச் சுருள் என்பதே கருவியாளரின் உடைமை. நொடிக்கு 24 சட்டகம் என்னும் கணக்கில் 16 மி.மீ. சுருளின் 400 அடி ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். அதே நீளமுள்ள 35 மி.மீ. சுருளோ நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். பதினொரு நிமிடம் என்பது ஒருவர் பேசி, தயங்கி, மௌனமாகி, மறுபடியும் பேசுவதற்குப் போதுமான காலம். செய்திப்படக் கருவியாளர் அத்தயக்கத்துக்காகக் காத்திருக்கக் கற்றார். அதே வேளையில் மீள எடுக்க வழியில்லை என்பதையும் கற்றார். தெருவில் ஓடுபவரிடம் மறுபடி ஓடிக் காட்டும்படி கேட்க முடியாது.

தமிழ்ச் சூழலில் ‘சின்னத்திரை’ என்னும் சொல் அளவை மட்டும் குறிப்பதில்லை, தரத்தையும் குறித்துவிடுகிறது. தொலைக்காட்சியிலிருந்து திரைப்படத்துக்குச் செல்வது ஏற்றம் என்றும், திரும்பி வருவது இறக்கம் என்றும் எழுதும் வழக்கம் நம் திறனாய்வாளர்களிடமும் உண்டு. 1960-களின் பிரித்தானியாவுக்கு இவ்வளவுகோல் சற்றும் பொருந்தாது. கென் லோச் பி.பி.சி.க்காக இயக்கிய ‘அப் த ஜங்ஷன்’ (1965), ‘கேத்தி கம் ஹோம்’ (1966) ஆகிய தொலைக்காட்சி நாடகங்களில் டோனி இமியின் கருவி தெருவுக்கு இறங்கி நடந்தது. அக்காலத் திரைப்படத் தளங்கள் பலவற்றில் கருவிக்கு அந்த விடுதலை இருக்கவில்லை.

திபெத்து எல்லையில்

1964-இல் ஆவணப்பட இயக்குநர் ஏட்ரியன் கோவெல், திபெத்தியரோடு நெடுங்காலம் பழகிய ஜார்ஜ் பேட்டர்சன், மெங்கெஸ் ஆகிய மூவரும் நேபாளத்திலிருந்து திபெத்தியக் கெரில்லாக் குழு ஒன்றுடன் பனிமலைக் கணவாயைக் கடந்து திபெத்துக்குள் சென்றனர். சீனப் படையின் வாகன அணிமீது அக்குழு நடத்திய தாக்குதலை மெங்கெஸ் படம்பிடித்தார். ‘ரெய்ட் இன்டு திபெத்’ என்னும் அப்படம் 1966-இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அத்தாக்குதலைப் படம்பிடித்தபோது மெங்கெஸின் வயது இருபத்து நான்குக்கும் குறைவு.

இப்படத்தை வீரதீரச் செயல் எனப் புகழ்வது எளிது. திறனாய்வுக்கு உரியது வேறொன்று. துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு நடுவே துப்பாக்கி ஏந்தாத ஒருவர் நிற்கிறார். அவர் அவர்களுள் ஒருவர் அல்லர். ஆனால் அவர்களோடு மலையேறியவர், அவர்கள் உண்டதை உண்டவர். சுடுவது அவர் வேலையன்று. சுடாதே என்று சொல்வதும் அவர் வேலையன்று. இவ்வாறு நிற்பவரை எப்பெயரால் அழைப்பது?

தமிழ் மரபு இந்நிலைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. அகப்பாடல்களில் தலைவன், தலைவி, தோழி, செவிலி முதலியோரோடு ‘கண்டோர்’ என்போரும் கூற்று நிகழ்த்துவர். உடன்போக்கில் செல்லும் இருவரைப் பாலை வழியில் எதிர்ப்படுபவர்கள் இவர்கள். கதையில் இவர்களுக்குப் பங்கு இல்லை, பெயரும் இல்லை. ஆனால் அவ்விருவரின் காலில் பட்ட வெம்மையை நாம் உணர்வது இவர்களின் கண் வழியாகவே. தொல்காப்பிய அகத்திணையியல் கண்டோர்க்கு உரிய கூற்றுகளை வகுத்துரைக்கையில், பொழுதின் அச்சத்தையும் வழியின் ஏதத்தையும் எடுத்துக்கூறுதல், மகளைத் தேடிவரும் தாயின் நிலை கண்டு அவளைத் தடுத்தல் அல்லது செல்ல விடுத்தல் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. கண்டோர் நிகழ்வுக்கு வெளியே நிற்பவர் எனினும் நிகழ்வால் தொடப்படாதவர் அல்லர். தடுக்கவும் விடுக்கவும் அவர்களுக்கு ஒரு சொல் இருக்கிறது.

கருவியாளருக்கு அச்சொல் இல்லை. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு ஒப்புமையை மட்டும் பேசினால் அது வெறும் அலங்காரமாக முடியும். கண்டோர் கண்டதைத் தாமே கூறுவர்; கருவியாளர் கண்டதைக் கூறுபவர் பிறிதொருவர். தொகுப்பாளர் வெட்டுவார், இயக்குநர் குரல் சேர்ப்பார், ஒளிபரப்பு நிறுவனம் நேரம் குறிக்கும். கருவியாளரிடம் எஞ்சுவன இரண்டே: எங்கு நிற்பது, எப்போது நிறுத்துவது. மெங்கெஸின் தொடக்ககாலப் பணியை இவ்விரண்டின் வழியாகவே மதிப்பிட வேண்டும்.

இரு படங்கள், இரு ஆசிரியர்கள்

லோச் இயக்கிய முதல் திரைப்படமான ‘புவர் கௌ’ (1967) படத்தில் மெங்கெஸ் கருவியாளர். ஒளிப்பதிவு பிரையன் புரோபின். நெல் டன்னின் நாவலை ஒட்டி எடுக்கப்பட்ட இப்படத்தில், சிறை சென்ற கணவனுக்கும் அன்பான மற்றொருவனுக்கும் இடையே அலைவுறும் ஓர் இளந்தாயின் வாழ்வு சொல்லப்படுகிறது. படம் பல பாணிகளின் கலவை. இடைத்தலைப்புகள் வருகின்றன, பாடல்கள் வருகின்றன, கதைத்தலைவி கருவியை நேர்நோக்கி நேர்காணல் போலப் பேசுகிறாள். தொலைக்காட்சியின் உத்திகள் இங்கே திரைப்படத்துக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. ஆனால் அவை செரிக்கப்படவில்லை. கருவி பாத்திரங்களின் பின்னால் ஓடுகிறது. சில இடங்களில் தான் ஓடுவதை நாம் கவனிக்க வேண்டும் என்றும் விரும்புகிறது. நல்ல கணங்கள் உண்டு. முழுமை இல்லை.

அடுத்த ஆண்டு லிண்ட்சே ஆண்டர்சனின் ‘இஃப்....’ (1968). விடுதிப் பள்ளி ஒன்றின் கொடுமைகளும் மாணவர் கிளர்ச்சியும் இதன் பொருள். ஒளிப்பதிவு செய்தவர் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த மிரோஸ்லாவ் ஓந்த்ரிசெக். மிலோஸ் ஃபோர்மனின் ‘லவ்ஸ் ஆஃப் எ பிளாண்ட்’ (1965), ‘த ஃபயர்மென்ஸ் பால்’ (1967) ஆகியவற்றின் ஒளிப்பதிவாளர் அவரே. இப்படத்தில் வண்ணமும் கறுப்பு வெள்ளையும் மாறி மாறி வருவதற்கு ஆழ்ந்த குறியீட்டுப் பொருள் கற்பித்தோர் பலர். உண்மையில் அது தொடங்கியது தேவாலயக் காட்சியில். அப்பெரிய மண்டபத்தைக் கையிலிருந்த பொருளிலும் காலத்திலும் வண்ணத்துக்கு ஏற்ப ஒளியூட்டுவது கடினமாயிருந்தது. கறுப்பு வெள்ளைச் சுருள் அத்துணை ஒளி வேண்டாதது. பின்னர் ஆண்டர்சன் அம்மாற்றத்தை விரும்பி வேறு இடங்களிலும் கையாண்டார். குறியீடு தேடும் திறனாய்வாளர்கள் தொழிற்களத்தின் நெருக்கடிகளையும் சற்றே கேட்டறிவது நல்லது.

ஓந்த்ரிசெக்கின் அருகில் கருவியாளராக நின்ற மெங்கெஸ் கற்றது என்ன என்பதற்கு லோச் பிற்கால நேர்காணல்களில் விடை தந்துள்ளார். செக் ஒளிப்பதிவு முறையில் ஒளியூட்டப்படுவது நடிகரின் முகம் அன்று, இடம். சாளரத்தின் வழியே வரும் ஒளியை ஒட்டி அறை முழுவதற்கும் பொதுவான மென்மையான ஒளி அமைக்கப்படும். நடிகர் எங்கும் செல்லலாம். தரையில் சுண்ணக்குறி இட்டு அவரை நிறுத்த வேண்டியதில்லை. கருவியோ விலகி நிற்கும். பரந்த கோண லென்ஸைக் கொண்டு நெருங்கிச் சென்று துருவாமல், சற்று நீண்ட லென்ஸின் வழி அமைதியாக நோக்கும். இம்முறையின் உட்பொருளைக் கருவியாளர் மற்றவரைவிட நன்கு உணர்வார். நடிகருக்குக் குறியிடப்படவில்லை எனில், அவர் அடுத்து எங்கே செல்வார் என்பதை முன்னுணர வேண்டியவர் கருவியாளரே. செய்திப்படத்தில் பழகிய கண் இங்கே பயன்பட்டது. ஆனால் செய்திப்படத்தின் அவசரம் கழிந்தது.

‘கெஸ்’: நின்று நோக்கல்

பேரி ஹைன்ஸின் ‘எ கெஸ்ட்ரல் ஃபார் எ நேவ்’ என்னும் நாவல் 1968-இல் வெளிவந்தது. அதே ஆண்டு கோடையில் யார்க்‌ஷயரின் நிலக்கரிச் சுரங்க ஊரான பார்ன்ஸ்லியிலேயே படப்பிடிப்பு நடைபெற்றது. தயாரிப்பு டோனி கார்னெட், இயக்கம் லோச். முழுநீளக் கதைப்படத்தில் ஒளிப்பதிவின் முழுப்பொறுப்பை மெங்கெஸ் ஏற்றது இதுவே முதல்முறை. பள்ளியை விட்டதும் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டிய நிலையில் உள்ள பில்லி காஸ்பர் என்னும் சிறுவன், வல்லூறு இனக் குஞ்சு ஒன்றை எடுத்து வளர்த்துப் பழக்குகிறான். அண்ணன் தந்த பந்தயப் பணத்தை அவன் கட்டாமல் விட, அண்ணன் அப்பறவையைக் கொன்றுவிடுகிறான். கதை இவ்வளவே.

இப்படத்தின் இயல்புத்தன்மைக்குக் காரணமாக லோச்சின் இடதுசாரிப் பார்வையையும், ஹைன்ஸின் வட்டார மொழியையும், பார்ன்ஸ்லி மக்களையே நடிகராக்கியதையும் திறனாய்வாளர் குறிப்பிடுவர். அவை சரியே, போதியவை அல்ல. ‘புவர் கௌ’ படத்திலும் அதே லோச்தான். இரண்டுக்கும் இடையே மாறியது கருவியின் நடத்தை. அங்கே துரத்திய கருவி இங்கே நிற்கிறது.

பில்லி பறவையைப் பறக்கவிட்டுப் பழக்கும் காட்சிகளை நோக்குக. கருவி வயலின் இப்பக்கம் நிற்கிறது. சிறுவன் நடுவில் நின்று, கயிற்றில் கட்டிய இரையைச் சுழற்றுகிறான். பறவை தொலைவிலிருந்து தாழ்ந்து வருகிறது. கருவி அதன் போக்கில் திரும்பி அதைச் சட்டகத்துக்குள் வைத்திருக்கிறது, அவ்வளவே. பறவையின் கண்ணுக்கோ சிறுவனின் முகத்துக்கோ பாய்வதில்லை. ஒரு பறவையை ஒத்திகை பார்க்க வைக்க முடியாது. அது வரும் வழியைக் கருவியாளர் கண்டுகொள்ள வேண்டும். எல்லை மலையில் நின்ற கண் இவ்வயலில் நிற்பதை உணர முடிகிறது. ஜான் காமரனின் குழலிசை இக்காட்சிகளில் சற்று மிகையாகி, கருவி சொல்லாமல் விட்டதைத் தான் சொல்ல முற்படுகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

வகுப்பறைக் காட்சி இதனினும் நுட்பமானது. ஆசிரியர் ஃபார்த்திங் அன்று எடுக்கும் பாடம் உண்மையும் புனைவும். பில்லியை எழுப்பி, உண்மையான ஒன்றைச் சொல்லச் சொல்கிறார். தயங்கித் தொடங்கும் சிறுவன், பறவையை எவ்வாறு பழக்கினான் என்பதைச் சொல்லச் சொல்ல நிமிர்கிறான். கருவி அவனை விட்டு அவசரமாக அகல்வதில்லை. சொல் தேடித் தடுமாறும் இடங்களும் வெட்டப்படவில்லை. கேட்டிருக்கும் மாணவர்களின் முகங்கள் இடையிடையே வருகின்றன. அவை நடிக்கும் முகங்கள் அல்ல, கேட்கும் முகங்கள். பதினொரு நிமிடச் சுருளோடு ஒருவரின் பேச்சுக்காகக் காத்திருந்த செய்திப்பட வழக்கம் இங்கே கதைப்படத்தின் உயிர்நிலையாக மாறியுள்ளது. நம் இலக்கணிகள் நாடக வழக்கு என்றும் உலகியல் வழக்கு என்றும் பிரித்து, இரண்டும் கலந்ததே புலனெறி வழக்கம் என்றனர். அக்கலப்பு எவ்விடத்தில் நிகழ்கிறது என்று காட்டுவதற்கு இவ்வகுப்பறையைவிடச் சிறந்த சான்று காண்பது அரிது. சிறுவனாக நடிக்கும் டேவிட் பிராட்லி அப்பறவைகளை உண்மையாகவே பழக்கியவர். அவர் சொல்வது பில்லியின் கதையும் ஆகும், தம் அனுபவமும் ஆகும்.

இதற்கு மாறாகக் கால்பந்துக் காட்சி. தம்மைப் பாபி சார்ல்டன் என எண்ணிக்கொள்ளும் உடற்பயிற்சி ஆசிரியர் சிறுவர்களோடு மோதி விளையாடுகிறார். திரையில் தொலைக்காட்சி விளையாட்டு ஒளிபரப்பைப் போலவே அணிகளின் பெயரும் கோல் எண்ணிக்கையும் எழுத்தில் தோன்றுகின்றன. தொலைக்காட்சியில் வளர்ந்தவர்கள் தொலைக்காட்சியைக் கேலி செய்யும் இடம் இது. நகைச்சுவை சிறப்பானது. ஆயினும் ஆட்டம் முடிந்தபின் அதே ஆசிரியர் குளியலறையில் பில்லியின்மீது குளிர்நீரைத் திறந்துவிடும்போது, சற்றுமுன் சிரித்த நாம் அச்சிரிப்புக்கு நாணுகிறோம். கருவி இரண்டு இடத்திலும் ஒரே தொலைவில்தான் நிற்கிறது.

இனி, இப்படத்தின் புகழுரைகளில் பலரும் விரைந்து கடந்துவிடும் ஒன்றைப் பேச வேண்டியுள்ளது. தலைமையாசிரியர் மாணவர்களைப் பிரம்பால் அடிக்கும் காட்சியில் அச்சிறுவர்கள் உண்மையாகவே அடிக்கப்பட்டனர். செய்தி சொல்ல வந்து, தவறாக அக்கூட்டத்தோடு நிறுத்தப்படும் சின்னஞ்சிறு மாணவனும் அதில் ஒருவன். அவன் கண்ணில் வருவது நடிப்பின் கண்ணீர் அன்று. படத்தின் இறுதியில் இறந்த பறவையைக் கையிலேந்தும் பில்லியின் துயரும் அத்தகையதே. தாம் பழக்கிய பறவைகளுள் ஒன்று கொல்லப்பட்டுவிட்டதாகவே அப்போது நம்பவைக்கப்பட்டதைப் பிராட்லி பிற்காலத்தில் கூறியுள்ளார். காட்டப்பட்டது ஏற்கெனவே இறந்துபோன வேறொரு பறவை.

லோச்சின் நடிப்புமுறை என்று இதற்கு விளக்கம் தரப்படுவதுண்டு. நடிகர் நிகழ்வை முன்னறியாதிருந்தால் எதிர்வினை மெய்யாகும் என்பது அம்முறை. கருவியாளரின் நிலையிலிருந்து நோக்கும்போது இவ்விளக்கம் போதாமையாகிறது. திபெத்து எல்லையில் நிகழ்ந்தது மெங்கெஸ் இல்லாவிடினும் நிகழ்ந்திருக்கும். பார்ன்ஸ்லிப் பள்ளியில் பிரம்பு எழுந்தது கருவி இருந்ததனால். கண்டோர் கண்ட பாலைவழிக் காட்சிக்கும், கண்டோர் காண்பதற்கென்றே உருவாக்கப்பட்ட காட்சிக்கும் உள்ள வேறுபாடு இது. செய்திப்படத்தின் தூய்மையைக் கதைப்படத்துக்குள் கொண்டுவந்தமை ‘கெஸ்’ படத்தின் வெற்றி என்றால், அத்தூய்மை அங்கே வந்து சேர்ந்தபோது பழைய தூய்மையாக இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அச்சிறு மாணவனின் முகத்தைப் பார்க்கும்போது கருவி நெருங்கிச் சுவைக்கவில்லை என்பது உண்மை. அடிப்பவரையும் அடிபடுபவரையும் ஒரே அளவான நோக்கில் காட்டுகிறது. இந்நிதானம் அவ்வடியை நியாயப்படுத்துமா? இப்படத்தை நேசிப்பவர்கள் இக்கேள்வியைக் கேட்டுக்கொண்டே நேசிக்க வேண்டியுள்ளது.

மீண்டும் மலைகளுக்கு

‘கெஸ்’ படத்துக்குப் பின் மெங்கெஸின் வழி நேராகச் செல்லவில்லை. ஸ்டீஃபன் ஃபிரியர்ஸின் ‘கம்ஷூ’ (1971) போன்ற படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர், 1972-இல் மறுபடியும் கோவெல்லோடு சேர்ந்து பர்மாவின் ஷான் மலைப்பகுதிக்குச் சென்றார். அபினி வணிகத்தையும் அதனோடு பிணைந்த ஆயுதக் குழுக்களையும் படம்பிடிக்கச் சென்ற அவ்விருவரும் ஓராண்டுக்கு மேல் அங்கேயே தங்க நேர்ந்தது. ‘தி ஓப்பியம் வார்லார்ட்ஸ்’ என்னும் அப்படம் 1974-இல் தொலைக்காட்சியில் வெளிவந்தது. சின்னத்திரை, பெரிய திரை என்னும் ஏணிக்கணக்கு அவரிடம் இருந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. ஹைன்ஸின் கதையான ‘த கேம்கீப்பர்’ (1980) லோச்சின் இயக்கத்தில் தொலைக்காட்சிக்காகவே எடுக்கப்பட்டது. அதன் ஒளிப்பதிவிலும் அவர் பங்கு உண்டு. அதே 1980-இல் வெளியான ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ என்னும் விண்வெளிப் படத்தின் துணைப் படப்பிடிப்புப் பிரிவிலும் அவர் பெயர் இருக்கிறது. பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா.

‘தி கில்லிங் ஃபீல்ட்ஸ்’ படத்தில் போரின் நடுவே செய்தியாளர் ஒருவர் நிற்கும் காட்சிகளைக் காண்பவர், அவற்றை ஒளிப்பதிவு செய்தவர் அத்தகைய இடங்களில் தாமே நின்றவர் என்பதை அறிந்து கண்டால் அவை வேறாகத் தோன்றும். இதனை விரித்துரைக்கத் தனிக்கட்டுரை வேண்டும்.

1988-இல் மெங்கெஸ் தம் முதல் கதைப்படத்தை இயக்கினார். ‘எ வேர்ல்ட் அபார்ட்’ என்னும் அப்படம் 1963-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்காவில் நிகழ்கிறது. இனவொதுக்கல் அரசு, விசாரணையின்றித் தொண்ணூறு நாள் சிறைவைக்கும் சட்டத்தின்கீழ் ஒரு பெண் போராளியைக் கைதுசெய்கிறது. அப்பெண் ரூத் ஃபர்ஸ்டின் சாயலில் படைக்கப்பட்டவர்; கதையை எழுதியவர் ரூத்தின் மகள் ஷான் ஸ்லோவோ. 1960-களின் தொடக்கத்தில் தொலைக்காட்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் படம்பிடித்தவர் மெங்கெஸ். அன்று கருவியின் பின்னிருந்து கண்ட நாட்டுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கதையின் வழி அவர் திரும்பினார். படத்தின் பார்வை போராளியின் பார்வை அன்று. பெரியவர்களின் அறைக்கதவுக்கு வெளியே நின்று, தனக்கு எதுவும் சொல்லப்படாத நிலையில், எல்லாவற்றையும் கண்டுகொண்டிருக்கும் பதின்மூன்று வயது மகளின் பார்வை. தாயைத் தடுக்கவும் விடுக்கவும் அவளிடம் சொல் இருக்கிறது. அதை எப்போது சொல்வது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அப்படத்தில் மெங்கெஸ் வியூஃபைண்டரில் தம் கண்ணை வைக்கவில்லை. ஒளிப்பதிவைப் பீட்டர் பிசியூவிடம் ஒப்படைத்துவிட்டு, கருவிக்குப் பக்கத்தில் நின்றார்.